துளை போட்டுக் கழுவினால் தேய்ந்த முழங்கால் சரியாகுமா?

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். சுற்றிலும் நெல், மல்லாட்டை, சவுக்கு. வடகிழக்கே கழுவெளியைத் தாண்டிப் போனால் மரக்காணத்து உப்பளங்கள். மல்லாட்டைக் கொல்லையில் களை எடுப்பவர் நாள் முழுக்கக் குந்தியே நகர்கிறார். உப்பளத்தில் வேலை செய்பவர் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்குகிறார், உப்பை வாரி வரப்பில் சேர்க்கிறார், கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வழுக்கும் வரப்பின் மேல் நடக்கிறார். இப்படி இருபது முப்பது ஆண்டுகள் உழைத்த பிறகு, ஐம்பது வயதுக்கு மேல் பலருக்கும் வருவது முட்டிவலி. காலையில் எழுந்தால் கால் விறைப்பு, படி இறங்கினால் வலி, குந்தி உட்கார்ந்தால் எழ முடியாமை.

இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு யாராவது வந்து, "பயப்படாதம்மா, கத்தியே வைக்க மாட்டாங்க, ரெண்டு ஓட்டை போட்டு உள்ள கழுவி விட்டுடுவாங்க, மறுநாளே வீட்டுக்கு வந்துடலாம்" என்று சொன்னால் அது எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! நகையை அடகு வைத்தாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றும். அடகு வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளை இந்தக் கட்டுரை விளக்குகிறது. துளை சிறியது என்பதில் ஐயமில்லை. தேய்மானத்துக்கு அதனால் பயன் உண்டா என்பது வேறு கேள்வி. அதற்கு மருத்துவ உலகம் 2002ஆம் ஆண்டிலேயே ஒரு பதிலைக் கண்டுவிட்டது.

சாவித்துளை அறுவை என்பது என்ன?

மூட்டைப் பெரிதாக வெட்டித் திறக்காமல், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு அல்லது மூன்று துளைகள் வழியாகச் செய்யப்படுவதே சாவித்துளை அறுவை. 'கீ ஹோல்' என்றும் 'ஆர்த்ராஸ்கோப்பி' என்றும் மருத்துவமனைகளில் சொல்வார்கள். நோயாளிக்கு முதுகுத்தண்டில் மரப்பு ஊசி போடப்படும். முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு பக்கத்துத் துளை வழியாக ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள குழல் உள்ளே போகும். அதன் நுனியில் ஒளியும் கண்ணாடிவில்லையும் உண்டு, பின்புறத்தில் கேமரா. மூட்டுக்குள் உப்புநீரைச் செலுத்தி விரித்துவைத்துக்கொண்டு, உள்ளே தெரிவதைத் திரையில் பார்ப்பார்கள். மறுபக்கத் துளை வழியாகச் சிறு கத்தரி, கொக்கி, சுரண்டும் கருவி ஆகியவை செல்லும்.

முழங்காலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நூறாண்டு பழமையானது. 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற மருத்துவர் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழலை இறந்த ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனபே பல மாதிரிகளைச் செய்து கழித்து, தன்னுடைய 21ஆம் எண் கருவியை 1959இல் உருவாக்கினார். 1962இல் அவரே துளை வழியாகக் கிழிந்த சவ்வின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். அதற்கு முன்பெல்லாம் அந்தச் சவ்வுக்காக முட்டியைத் திறந்தாக வேண்டும், பல நாள் படுக்கையில் கிடந்தாக வேண்டும். விளையாட்டில் சவ்வு கிழிந்த இளைஞர்களுக்கு இந்தக் கருவி பெரிய வரம்.

இளைஞருக்கு நல்லதாக இருந்தது முதியவருக்கும் பரவியது. தேய்ந்த மூட்டுக்குள் குருத்தெலும்புத் துணுக்குகளும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் மிதக்கின்றன, அவற்றைக் கழுவி வெளியேற்றினால் வலி குறையும், பிசிறுகளைச் சுரண்டி மழமழப்பாக்கினால் இன்னும் குறையும் என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. செய்துகொண்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் வலி குறைந்ததாகவும் சொன்னார்கள். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 6,50,000க்கும் மேற்பட்ட முழங்கால்களுக்கு இப்படிச் செய்யப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 5,000 டாலர் செலவு.

'ஜவ்வு' என்ற ஒரே சொல்

இங்கே ஒரு சொல்லைப் பற்றி நின்று பேச வேண்டும். முட்டிக்குள் என்ன கோளாறு என்று கேட்டால் நம் ஊரில் கிடைக்கும் பதில், "ஜவ்வு தேஞ்சு போச்சு" அல்லது "ஜவ்வு கிழிஞ்சு போச்சு". இந்த ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறது. குழப்பத்தில் பாதி இதிலிருந்தே தொடங்குகிறது.

முதலாவது, குருத்தெலும்பு. தொடை எலும்பின் அடிமுனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் சில்லின் உட்புறத்திலும் வழவழப்பாகப் படிந்திருக்கும் சில மில்லிமீட்டர் பூச்சு இது. இதற்கு இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டுக்குள் ஊறும் நீரிலிருந்தே உணவைப் பெறுகிறது. நடக்கும்போது அழுந்தியும் விரிந்தும், பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல அதைப் பெறுகிறது. இரத்த ஓட்டம் இல்லாததால் ஒருமுறை தேய்ந்தால் மீண்டும் அப்படியே வளர்வதில்லை. மூட்டுத் தேய்மான நோயில் முதன்மையாகக் கெடுவது இதுதான். அதோடு அடியிலுள்ள எலும்பு கெட்டியாகிறது, ஓரங்களில் எலும்பு முளைவிடுகிறது, மூட்டைச் சுற்றிய உறை வீங்குகிறது, தொடைத் தசை மெலிகிறது. நரம்பு இல்லாத குருத்தெலும்பு தானாக வலிப்பதில்லை. வலி இந்த மற்ற இடங்களிலிருந்தே வருகிறது.

இரண்டாவது, பிறைச் சவ்வு. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாகப் பிறை வடிவில் இருக்கும் மெத்தைகள். எடையைப் பரப்பித் தாங்குவது இவற்றின் வேலை. இவற்றின் வெளி ஓரத்துக்கு மட்டுமே நல்ல இரத்த ஓட்டம் உண்டு.

மூன்றாவது, எலும்பை எலும்போடு கட்டும் நாண்கள். கபடி ஆடும் பையன் கால் திருகி விழுந்து "ஜவ்வு அறுந்துபோச்சு" என்றால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறான்.

அறுந்த நாணுக்குப் பதில் வேறொரு நாணைத் துளை வழியாகப் பொருத்த முடியும். அடிபட்டுக் கிழிந்த பிறைச் சவ்வைத் தைக்கவோ, மாட்டிக்கொண்ட துண்டை எடுக்கவோ முடியும். தேய்ந்த குருத்தெலும்பு விரிப்பை மட்டும் எந்தத் துளை வழியாகவும் திரும்பப் பூச முடியாது. கபடிப் பையனுக்கு ஜவ்வு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று கேள்விப்பட்டு, அதே ஜவ்வு ஆபரேஷன் தன் அறுபது வயது முட்டிக்கும் உதவும் என்று ஒருவர் நம்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. சொல் ஒன்றாக இருக்கிறது, நோய் வேறு.

ஹூஸ்டனில் நடந்த சோதனை

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு மருத்துவர் இருந்தார். அவரும் நெல்டா ரே என்ற மருத்துவரும் சேர்ந்து துணிச்சலான ஒரு கேள்வியை எழுப்பினார்கள். துளை போட்ட பிறகு வலி குறைகிறது என்பது உண்மையானால், அந்தப் பயன் கழுவுவதால் வருகிறதா, சுரண்டுவதால் வருகிறதா, அல்லது ஆபரேஷன் செய்துகொண்டோம் என்ற நினைப்பால் வருகிறதா?

மாத்திரையைச் சோதிப்பது எளிது. ஒரு குழுவுக்கு மருந்தும் இன்னொரு குழுவுக்குச் சர்க்கரை உருண்டையும் கொடுக்கலாம். அறுவையை எப்படிச் சோதிப்பது? போலி அறுவை செய்துதான். மூட்டுத் தேய்மானம் இருந்த 180 பேர் சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். தங்களுக்குக் கிடைப்பது போலியாகவும் இருக்கலாம், அதனால் மூட்டு குணமாகாது என்பது தங்களுக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் நூறில் 44 பேர் இந்த விளையாட்டே வேண்டாம் என்று விலகிக்கொண்டதும் உண்மை.

நோயாளி அறுவை அரங்குக்குள் வந்த பிறகே மருத்துவர் கையில் ஓர் உறை கொடுக்கப்படும். அதற்குள் மூன்றில் ஒன்று எழுதியிருக்கும்: கழுவுதல், சுரண்டுதல், போலி. முதல் இரண்டிலும் குறைந்தது பத்து லிட்டர் நீர் மூட்டுக்குள் ஓடியது. போலி என்று வந்தால் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, முட்டியில் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று கீறல்கள் மட்டும் போடப்பட்டன. குழல் உள்ளே போகவே இல்லை. ஆனாலும் மருத்துவர் ஒவ்வொரு கருவியாகக் கேட்டு வாங்கினார், காலை மடக்கி நீட்டினார். கழுவும் ஓசை கேட்க வேண்டுமே என்று உப்புநீரைத் தெளித்தார்கள். உண்மையான அறுவைக்கு ஆகும் நேரம் முழுவதும் நோயாளியை அரங்கிலேயே வைத்திருந்தார்கள். மூன்று குழுவினரும் அன்றிரவு மருத்துவமனையில் தங்கினார்கள். மூவருக்கும் ஒரே மாதிரித் தழும்பு.

இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வலியை 0 முதல் 100 வரை அளந்தார்கள், எண் கூடினால் வலி அதிகம். இரண்டாம் ஆண்டு முடிவில் போலி அறுவைக்கு ஆளானவர்களின் சராசரி 51.6. கழுவப்பட்டவர்களுக்கு 53.7. சுரண்டப்பட்டவர்களுக்கு 51.4. அதாவது மூன்றும் ஒன்றே. நடப்பதிலும் படியேறுவதிலும்கூட உண்மை அறுவை எந்தக் கட்டத்திலும் போலியை முந்தவில்லை.

2002 ஜூலையில் இந்த முடிவு வெளியானபோது எலும்பு மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. ஒரே மருத்துவர் செய்தது, நோயாளிகள் ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள் என்றார்கள். நியாயமான மறுப்புகள்தாம். 2008இல் கனடாவின் லண்டன் நகரில் 178 பேரிடம், பெண்களையும் சேர்த்து, வேறு மருத்துவர்கள் இன்னொரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சியும் மருந்தும், மற்றவர்களுக்கு அவற்றோடு துளை அறுவையும். இரண்டு ஆண்டுகள் கழித்து இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர், தேய்மான வலிக்கு மட்டும் என்று செய்யப்படும் கழுவுதலுக்குப் பணம் தருவதை 2004இலேயே நிறுத்திவிட்டது.

அப்படியானால் வலி குறைந்தது எப்படி?

துளை போட்டுக்கொண்ட பலருக்கு வலி குறைந்தது பொய்யல்ல. ஹூஸ்டனில் போலி அறுவை நடந்தவர்களுக்கும் குறைந்தது. இதை விளங்கிக்கொள்ள மரக்காணத்து உப்பளமே போதும்.

உப்பு எடுக்கும் பருவம் தை மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை நீளும். வெயில் ஏற ஏற வேலையும் ஏறும். வடகிழக்குப் பருவமழை பிடித்தால் பாத்திகள் நீரில் மூழ்கும், வேலை நின்றுவிடும். இனி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது ஐம்பத்தைந்து, பருவம் முழுக்கக் கூடை சுமந்தவர். அவருக்கு முட்டிவலி உச்சத்தில் இருப்பது எப்போது? பருவத்தின் கடைசியில். மருத்துவமனைக்குப் போவதும் அப்போதுதான், வேலையும் முடிந்தது, கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. ஐப்பசியில் துளை போட்டுக் கழுவிக்கொள்கிறார். பிறகு மழைக்காலம். மூன்று மாதம் சுமையில்லை, குந்தலில்லை, மகள் வீட்டில் ஓய்வு. பொங்கலுக்குள் வலி பாதியாகிவிடுகிறது. "துளை போட்ட பிறகுதான் நடக்க முடிஞ்சுது" என்று அவர் மனமாரச் சொல்வார். பக்கத்து வீட்டாரும் அதைக் கேட்டு அடுத்த ஆண்டு போவார். துளை போடாமல் அதே மூன்று மாதம் ஓய்வெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மாசியில் பாத்தி மிதிக்கத் தொடங்கியதும் வலி திரும்பினால், அதற்குப் பழி வேலையின் மேல் விழும்.

தேய்மான வலியின் இயல்பே அப்படி, ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது எதைச் செய்தாலும், அடுத்த சில வாரங்களில் இறங்கத்தான் அதிக வாய்ப்பு. நாம் அந்த நேரத்தில் செய்ததற்கு அந்தப் பெருமை போய்ச் சேருகிறது, அது அறுவையானாலும் தைலமானாலும் வேண்டுதலானாலும். இதோடு நம்பிக்கையின் பலமும் சேரும். செலவும் சடங்கும் பெரிதாக இருக்கும் அளவுக்கு அந்த நம்பிக்கையும் பெரிது.

2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழ் கூட்டிய குழு ஒன்று அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தது. குழுவில் எலும்பு மருத்துவர்களோடு முட்டிவலி உள்ள நோயாளிகளும் இருந்தார்கள். அறுவையால் மூன்றாம் மாதத்தில் சிறிதளவாவது கூடுதல் பயன் பெறுவோர் நூறில் 15 பேருக்கும் குறைவு, ஓராண்டில் அந்தப் பயனும் மறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். தேய்மானம் உள்ள ஏறத்தாழ எல்லோருக்கும் இந்த அறுவை வேண்டாம் என்பது அவர்களின் உறுதியான பரிந்துரை. அறுவைக்குப் பிறகு இரண்டு முதல் ஆறு வாரம் வரை பழையபடி இயங்க முடியாது என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நாள்கூலிக்குப் போகிறவருக்கு இந்த வாரங்களின் விலை மருத்துவமனை ரசீதில் வராது. அரிதாக மூட்டில் சீழ் பிடிக்கலாம், கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையலாம்.

ஸ்கேனில் கிழிசல் தெரிகிறதே?

கழுவுதல் பெயரிழந்த பிறகு காரணம் மாறியது. இப்போது ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் அறிக்கையில் 'பிறைச் சவ்வில் கிழிசல்' என்று வரும். கிழிந்திருப்பதை எழுத்திலேயே பார்த்த பிறகு அதைச் சரிசெய்யாமல் விடுவது எப்படி என்ற கவலை வரும்.

அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 50 முதல் 90 வயதுக்குட்பட்ட 991 பேருக்கு, வலி இருக்கிறதோ இல்லையோ, முழங்காலை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தவர்களில், அடிக்கடி முட்டிவலி உள்ளவர்களுக்கு நூறில் 63 பேருக்குக் கிழிசல் இருந்தது. சரி. வலியே இல்லாதவர்களுக்கு? நூறில் 60 பேருக்கு! கிழிசல் உள்ளவர்களில் பெரும்பாலோர் முந்தைய ஒரு மாதத்தில் வலி, விறைப்பு எதையும் உணரவில்லை. தேய்ந்த மூட்டில் சவ்வு பிசிறுவது தலை நரைப்பதைப் போன்றது. நரைத்த தலையில் வலி வந்தால் நரைதான் காரணம் என்று சொல்ல மாட்டோம்.

பின்லாந்தில் ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து, தேய்மானம் இன்னும் எக்ஸ்ரேயில் தெரியாத, ஆனால் வயதால் சவ்வு கிழிந்த 146 பேரிடம் ஹூஸ்டன் பாணியில் மீண்டும் போலி அறுவைச் சோதனை நடத்தின. அங்கும் ஓராண்டு முடிவில் சவ்வை வெட்டியவர்களும் வெட்டாதவர்களும் ஒரே நிலையில் இருந்தார்கள். 2013இல் வந்த முடிவு இது. பிறைச் சவ்வு எடையைப் பரப்பும் மெத்தை என்பதை நினைவில் கொண்டால், காரணமின்றி அதில் ஒரு துண்டை வெட்டுவது எவ்வளவு சரி என்ற கேள்வியும் எழும்.

எப்போது துளை அறுவை தேவை?

இதையெல்லாம் படித்துவிட்டு ஆர்த்ராஸ்கோப்பியே ஏமாற்று என்று முடிவு செய்தால் அதுவும் தவறு. அடிபட்டு நாண் அறுந்த இளைஞருக்கு இது முதன்மையான வழி. மூட்டில் சீழ் பிடித்தால் கழுவுவது உயிரையும் மூட்டையும் காக்கும். திடீரென முட்டி சூடாக வீங்கி, காய்ச்சலும் வந்து, காலை அசைக்கவே முடியவில்லை என்றால் அதைத் தேய்மானம் என்று எண்ணி வீட்டில் இருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காச நோயோ வேறு அழற்சியோ என்ற ஐயத்தில் உள்ளுறையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கவும் துளை பயன்படும்.

இன்னொன்று உண்மையான 'பூட்டு'. கிழிந்த சவ்வின் பெரிய மடலோ, உதிர்ந்த எலும்புத் துண்டோ எலும்புகளுக்கு நடுவே சிக்கி, கால் ஒரு கோணத்தில் நின்றுவிடும், நீட்ட முயன்றாலும் நீளாது. இப்படி மூட்டு பூட்டிக்கொண்டால் துளை வழியாக அதை விடுவிக்கலாம். ஆனால் நடக்கும்போது 'சடக்' என்று ஓசை வருவதும், ஒரு கணம் பிடித்து விடுவதும், நெடுநேரம் உட்கார்ந்த பின் காலை நீட்டச் சிரமப்படுவதும் பூட்டு அல்ல. மருத்துவரிடம் சொல்லும்போது இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்வது நல்லது. "முட்டி மாட்டிக்குது" என்ற ஒரு வரியே சிலரை அறுவை அரங்குவரை கொண்டுபோய்விடும்.

தேய்ந்த முட்டிக்கு என்னதான் செய்வது?

துளையில் பயனில்லை என்று சொல்லிவிட்டு வலியோடு இருங்கள் என்று விட்டுவிட முடியாது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் தான் ஆராய்ந்தவர்களுள் 28.7 விழுக்காட்டினருக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதாகக் கணித்தது. இவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை எதுவுமே தேவைப்படாது.

முதல் மருந்து தொடைத் தசை. வலிக்கிறது என்று காலை அசைக்காமல் வைத்தால் தசை மெலிகிறது, தசை மெலிந்தால் எலும்பின் மேல் இடி கூடுகிறது, வலி இன்னும் ஏறுகிறது. இந்தச் சுழலை உடைப்பது பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து அதைக் கீழ்நோக்கி அழுத்துவது இன்னொன்று. காலையும் மாலையும் விடாமல் செய்தால் சில வாரங்களில் படியேறும்போதே வேறுபாடு தெரியும். 44 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு பயிற்சியால் வலி குறைவதை உறுதி செய்திருக்கிறது. தொடக்கத்தில் லேசாக வலித்தால் கெடுதல் இல்லை, மறுநாளும் வலி ஏறியே இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

நாள் முழுக்கக் கொல்லையில் உழைக்கிறேனே, எனக்கு எதற்குப் பயிற்சி என்று கேட்பார்கள். கேள்வி சரியானது. வேலை மூட்டைத் தேய்க்கிறது, பயிற்சி மூட்டுக்குச் சுமை ஏற்றாமல் தசையை மட்டும் வளர்க்கிறது. வேறுபாடு அங்கே இருக்கிறது.

உடல் எடை அடுத்தது. பருமனானவர் ஒரு கிலோ குறைத்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து காட்டினார்கள். ஒல்லியான உடலோடு கூடை சுமப்பவருக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர் குறைக்க வேண்டியது தலைச்சுமையையும் குந்தலையும். சிறிய கூடையாக இரண்டு நடை, களை எடுக்க ஒரு தாழ்வான பலகை, வீட்டுக் கழிப்பறையில் உயரமான இருக்கை, எழும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி. ஊன்றுகோல் வைப்பவர் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வலி மாத்திரையில் எச்சரிக்கை தேவை. டைக்ளோபெனாக் போன்றவை வலியை அடக்கும், ஆனால் வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கக் கூடியவை. உடலில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்கு ஆபத்து இன்னும் அதிகம். உச்சி வெயிலில், கழிப்பறை இல்லாத உப்பளத்தில், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு வேலை செய்கிற பெண் ஒருவர் காலையில் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரின் வெப்பச் சுமையையும் சிறுநீரக நலனையும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்து, கவலைக்குரியது என்றே காட்டியிருக்கிறார்கள். அதே மருந்தைக் களிம்பாக முட்டியில் தடவுவது பாதுகாப்பான தொடக்கம். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்குக் கைகொடுக்கும். விலை உயர்ந்த 'ஜெல்' ஊசியையும் குளுக்கோசமைன் மாத்திரையையும் தர வேண்டாம் என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வழிகாட்டியிருக்கிறது. துளை போட்டுக் கழுவுவதும் அதே பட்டியலில் இருக்கிறது.

பயிற்சியை யார் சொல்லித் தருவார்? தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளோடு வீட்டுக்கு வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதி. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். கிளியனூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியிலேயே கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. மாவட்டத்துக்குள் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே ஒன்று கையில் இருந்தால் நல்லது. படுத்தபடி எடுத்த படத்தில் எலும்புகளுக்கு இடையிலான உண்மையான இடைவெளி தெரியாது. எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தேவைப்படாது.

இவற்றையெல்லாம் மாதக்கணக்கில் முயன்றும் இரவில் தூங்க முடியாத வலி, வீட்டுக்குள் நடக்கவே தடுமாற்றம் என்றால் அப்போது பேச வேண்டியது வேறு அறுவை. கால் வளைந்து உட்பக்கம் மட்டும் தேய்ந்த நடுத்தர வயது உழைப்பாளிக்கு, கீழ்க்கால் எலும்பை வெட்டி நிமிர்த்திச் சுமையை நல்ல பக்கத்துக்கு மாற்றும் முறை ஒன்று உண்டு. முற்றிலும் தேய்ந்தவருக்கு முழங்கால் மாற்று. இதன் பயன் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு கொண்டுவந்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது குறித்த விலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பங்களுக்கு மூட்டு மாற்று அந்தத் திட்டத்திலேயே அடங்கும். துளை போட்டுக் கழுவ அடகு வைக்கப் போன நகையைத் தொடாமலேயே முழு மூட்டையும் மாற்றிக்கொள்ளும் வழி பலருக்கு இருக்கிறது. ஆனால் மூட்டு மாற்றிய பிறகு குந்தி உட்கார்ந்து களை எடுக்கவோ பாரம் சுமக்கவோ கூடாது என்பார்கள். வேலைக்குத் திரும்ப நினைப்பவர் இதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, வீட்டாரோடும் பேசி, மழைக்காலத் தொடக்கத்தில் தேதி வாங்குவது நல்லது.